சீமைக்கருவைக் கம்பில் ஒரு முக்காலி

எங்கள் ராமநாதபுரம் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், சீமைக்கருவைக்கு வராது. கண்மாய் உள்வாய், கரைமேடு, தரிசு, பாழடைந்த வீட்டுக் கொல்லை என்று எங்கும் நிற்கும். சில ஊர்களில் வேலிகாத்தான் என்பார்கள். எங்களுக்கு வெறும் கருவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த மரம். இன்று அதை வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போயாயிற்று. வெட்டினால் விறகு, மூட்டம் போட்டால் கரி, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்பது ஊர்க்கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. இதற்கு நெருங்கிய உறவான மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸில் மெஸ்கீட் என்கிறார்கள். அதில் மேசையும் தரைப்பலகையும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். வைரம் பாய்ந்த பகுதி செம்பழுப்பாக இருக்கும். எண்ணெய் தொட்டதும் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடும். காயும்போது மற்ற மரங்களை விட மிகக் குறைவாகவே சுருங்கும். இவ்வளவு இருந்தும் நம் ஆசாரிகள் இதைத் தொடாததற்குப் பெரிய காரணம், நேராக வளராது என்பதுதான். கதவு நிலைக்கு ஏழடி வேண்டும். கருவையில் மூன்றடி நேராகக் கிடைத்தாலே அதிசயம். ஆனால் ஒரு முக்காலியின் காலுக்கு வேண்டியது 20 அங்குலம்தானே? எவ்வளவு கோணல் மரத்திலும் அந்த 20 அங்குலம் எங்காவது ஒளிந்திருக்கும்.

தச்சு வேலை பழகாத, கையில் நாலைந்து கருவிக்கு மேல் இல்லாத ஒருவர் செய்து பார்க்கக்கூடிய முக்காலி இது. ஆணி இல்லை, ஸ்க்ரூ இல்லை. மரம் காயும் காலத்தைக் கழித்துவிட்டால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நாலு கால் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. சாணி மெழுகிய முற்றமானாலும் சரி, பெயர்ந்துபோன சிமெண்டுத் தளமானாலும் சரி, மூன்று முனையும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். நான் முதலில் செய்தது நாலு கால் ஸ்டூல். ஆடுகிற காலுக்கு எதிர்க்காலை அறுப்பேன், அடுத்தது ஆடும், அதையும் அறுப்பேன். கடைசியில் அது சாப்பிட உட்காரும் மணையாகத்தான் வீட்டில் மிஞ்சியது. முக்காலிக்கு ஒரு குறை உண்டு: இரண்டு காலுக்கு நடுவே விளிம்பில் பாரத்தை வைத்தால் கவிழும். அதனால் இதில் ஏறி நின்று ஒட்டடை அடிக்கக் கூடாது. உட்கார மட்டும்தான்.

மரம் பொறுக்குவது

கால்களுக்குக் கருவை. கரிமூட்டம் போடும் இடத்துக்கோ விறகுக்கடைக்கோ போய், அடுக்குவதற்கு முன்னால் கேட்டால் எடுத்துக்கொள்ள விடுவார்கள். இரண்டரை முதல் மூன்று அங்குலம் கனமுள்ள கிளையாகப் பாருங்கள். அதைவிட ஒல்லியான கம்பில் பெரும்பாலும் வெள்ளைதான் இருக்கும். அந்த வெளிர்மஞ்சள் பகுதியை வண்டு துளைக்கும். இரண்டு வருஷத்தில் உளுத்து, கட்டிலுக்கடியில் மாவாகக் கொட்டும். நடுவிலுள்ள செம்பழுப்பு வைரத்தை அவ்வளவு எளிதில் எந்தப் பூச்சியும் தொடாது. வெட்டுமுகத்தைப் பார்த்தாலே இரண்டும் கோடு போட்டதுபோல் தனித்தனியாகத் தெரியும்.

இருபத்திரண்டு அங்குல நீளத்தில் மூன்று துண்டு வேண்டும். நான்காக எடுங்கள், ஒன்று எப்படியும் சொதப்பும். லேசான வளைவு இருந்தால் பரவாயில்லை, வளைவு வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் அழகாகவே இருக்கும். கணு மட்டும் மேல்முனையிலிருந்து நாலு அங்குலத்துக்குள் வரக் கூடாது. அங்கேதான் சீவ வேண்டியிருக்கும், கணுவைச் சீவினால் உளிதான் பல்போகும்.

நீங்களே வெட்டுவதென்றால் ஹவாய் செருப்போடு போகாதீர்கள். கருவை முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும், குத்திய இடம் இரண்டு நாளைக்குக் கடுத்துக்கொண்டே இருக்கும்.

உட்காரும் பலகைக்குக் கருவை சரிப்படாது; ஓரடி அகலத்துக்குக் கிடைப்பது அரிது. நான் எடுப்பது வேம்பு. மர அறுவை மில்லிலோ மரவாடியிலோ மூலையில் கிடக்கும் துண்டுகளில் 2 அங்குலக் கனம், 13 அங்குல அகலமும் நீளமும் உள்ள ஒன்றைக் கேளுங்கள். அறுத்துப் பல மாதம் ஆனதாக இருக்கட்டும். பூவரசு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு காலத்தில் வண்டிச் சக்கரத்துக்கு எடுத்த மரம், எளிதில் பிளக்காது. பலா மஞ்சளாக, இழைக்க இதமாக இருக்கும். மாம்பலகை மலிவுதான், ஆனால் பூச்சிக்கு ரொம்பப் பிடித்தது. வாகையை அறுத்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மித் தீராது. பனை வேண்டவே வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் சிலாம்பு எங்கே ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காய வைப்பது

புதிதாய்ச் செய்பவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான், முக்காலி கெடுவதும் இந்த இடத்தில்தான்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கடியில்தான் வண்டு முட்டையிடும். அன்றைக்கு உரித்தால் நார்போல் வந்துவிடும், பத்து நாள் விட்டால் மல்லுக்கட்ட வேண்டும். பிறகு இரண்டு வெட்டுமுகத்திலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். மரத்திலுள்ள தண்ணீர் பக்கவாட்டில் போவதை விட வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், நடு ஈரமாகவே நிற்கும். அந்த இழுபறியில் முனை வெடித்துவிடும்.

நிழலில், காற்றாடும் இடத்தில், துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, தரையில் படாமல் அடுக்குங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். காயும்தான், வெடித்துக் காயும். மூன்று நான்கு மாதம் ஆகும். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் தராசே போதும். ஒரு துண்டை வாரா வாரம் எடை போட்டு அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் மரம் தயார்.

முழு உருண்டைக் கம்பைக் காயவைத்தால் பெரும்பாலான மரங்களில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வித்தியாசம்தான் வெடிப்பாகத் தெரிகிறது. கருவையில் மொத்தச் சுருக்கமே குறைவு என்பதால் வெடிப்பும் குறைவு. மயிரிழை வெடிப்பு இருந்தால் கவலைப்படாதீர்கள். விரல்நகம் உள்ளே போகிற அளவு என்றால் அந்தத் துண்டை அடுப்புக்கு அனுப்புங்கள்.

கருவிகள்

கைரம்பம், கைக்கோடாலி, ஒரு அங்குல உளி, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், முரட்டு அரம், டிரில், அதற்கு மரத்தில் துளை போடும் 1 அங்குல பிட், கவராயம் அல்லது நூலும் பென்சிலும், 60, 120 எண் உப்புத்தாள். இழைப்புளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கொட்டாப்புளிக்குப் பதில் ஒரு புளியங்கட்டை போதும். இரும்புச் சுத்தியலால் மட்டும் உளிப்பிடியில் அடிக்காதீர்கள்.

உளியைக் கடையிலிருந்து வாங்கிவந்தபடியே வைத்து வேலை தொடங்காதீர்கள், அது முனை மொட்டையாகத்தான் வரும். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, சாய்ந்த முகம் முழுதாகக் கல்லில் படியும்படி வைத்துத் தீட்டுங்கள். பின்பக்கத்தைத் தட்டையாக வைத்து நாலு தடவை இழுங்கள். முழங்கை முடியை ஒட்டி இழுத்தால் முடி உதிர வேண்டும். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும். கூரான உளி சொன்ன பேச்சு கேட்கும்.

பலகையில் துளை

பலகையின் அடிப்பக்கத்தில் நடுப்புள்ளி வைத்து 6 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அது முக்காலியின் விளிம்பு. அதே புள்ளியிலிருந்து 4 அங்குல ஆரத்தில் உள்வட்டம். கால்கள் வருவது இதில். கவராயத்தின் விரிவை மாற்றாமல் உள்வட்டத்தின் மேலேயே நடந்து வந்தால் சரியாக ஆறு புள்ளி விழும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் மூன்று கால். பாகைமானி எல்லாம் வேண்டாம்.

எந்தப் புள்ளியில் தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பலகையின் இழை ஓடும் திசையைப் பாருங்கள். நடுப்புள்ளி வழியாக இழையோடு ஒரு கோடு இழுத்து, அது உள்வட்டத்தை வெட்டும் இடத்தில் முதல் காலை வையுங்கள். அப்படி வைத்தால் மற்ற இரண்டும் தனித்தனி இழைக்கோட்டில் விழும். மாற்றி வைத்தால் இரண்டு துளை ஒரே இழைக்கோட்டில் வந்து, பலகை அந்தக் கோட்டில் பிளக்க வழி பார்க்கும்.

கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்க வேண்டும். 9 அங்குல உயரமும் 3 அங்குல அடியும் உள்ள செங்கோண முக்கோணத்தை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வுதான் நமக்கு வேண்டியது. பலகையைக் கவிழ்த்துப் போட்டு, நடுப்புள்ளியிலிருந்து துளைப்புள்ளி வழியாக விளிம்புவரை ஒரு கோடு போடுங்கள். அட்டையின் அடி அந்தக் கோட்டின் மேல், செங்கோண மூலை விளிம்புப் பக்கம், சாய்ந்த பக்கம் வெளிநோக்கி ஏறும்படி வைக்க வேண்டும். முதல் தடவை குழப்பும். சுருக்கமாக ஒன்றை நினைவில் வையுங்கள்: பலகை கவிழ்ந்திருக்கும்போது டிரில்லின் பின்புறம் நடுப்புள்ளியை விட்டு விலகிச் சாய வேண்டும். அட்டையை எப்படித் திருப்பினால் அதன் சாய்ந்த விளிம்பு இந்தத் திசையில் நிற்கிறதோ, அதுதான் சரி. ஒரு பழைய பலகைத் துண்டில் முதலில் ஒரு துளை போட்டு, அதில் குச்சி சொருகிப் பார்த்துவிட்டு வேலைப்பலகைக்கு வாருங்கள்.

அடியில் ஒரு வீண்பலகையை இறுக்கி வையுங்கள், பிட் வெளியேறும் பக்கம் பிய்க்காமல் இருக்கும். பிட் முதலில் நேராக அரை நூல் ஆழம் கடித்த பிறகு சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். நூல் என்பது தச்சர் கணக்கில் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரவாடியில் இதைத்தான் பேசுவார்கள்.

துளை போட்டபின் பலகையை வட்டமாக அறுங்கள். கைரம்பம் வளையாது; நாலு மூலையை வெட்டி எட்டு முகமாக்கி, அந்த மூலைகளையும் வெட்டிப் பதினாறாக்கி, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். எட்டு முகத்தோடு நிறுத்தினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேல்பக்கத்தை இழைக்கும்போது வேம்பு சண்டை போடும். அதன் இழை ஒரு வரி இப்படியும் அடுத்த வரி எதிர்த்தும் ஓடும், இழைப்புளி பிய்க்கும். அலகைக் கொஞ்சமாக வெளியே விட்டு, இழைப்புளியைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உப்புத்தாள்தான்.

கால் சீவுவது

காய்ந்த கம்பின் வெள்ளையைக் கைக்கோடாலியால் கொத்தி எடுங்கள். முதலில் நாலு முகம், பிறகு எட்டுப் பட்டை. ஒன்றே முக்கால் அங்குலக் கனம் மிஞ்சினால் போதும். மேலிருந்து கீழே இறங்கும்படி கொத்துங்கள். கம்பைப் பிடித்திருக்கும் கை கோடாலி விழும் இடத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

அடுத்து மேல்முனையில் கழுந்து, அதாவது பலகைத் துளைக்குள் போகும் பகுதி. மூன்று அங்குல நீளத்துக்கு, உச்சியில் ஒரு அங்குலத்துக்கு மயிரிழை குறைவாகவும், அடியில் ஒரு நூல் கூடுதலாகவும் சீவ வேண்டும். பென்சில் கரியைத் துளைக்குள் நன்றாகத் தேய்த்துவிட்டு, கழுந்தை உள்ளே விட்டு ஒரு திருகு திருகி எடுங்கள். எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் அதிகம். அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி விட்டுத் திருகுங்கள். பத்துப் பதினைந்து தடவை ஆகும், அலுக்கும், ஆனால் இந்த முக்காலியின் உயிர் இந்த மூன்று அங்குலத்தில் இருக்கிறது. கையால் அழுத்தினால் பாதிவரை போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளி கேட்க வேண்டும். முழுதாகக் கையாலேயே போய்விட்டால் நான்காவது துண்டு எதற்கு எடுத்து வைத்தோம் என்று புரியும். எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று 1, 2, 3 எழுதி வையுங்கள்.

இப்போது ஒரு சின்ன வேலை. இரும்புச் சட்டியில் கடலை வறுப்பதற்குப் போடுவது போல மணலைப் போட்டுக் கை பொறுக்காத சூடு வரும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டு, கழுந்துகளை அதில் தலைகீழாக நட்டு வையுங்கள். மணல் ஆறினால் மறுபடி சூடாக்கி, மாலைக்குள் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். கழுந்து கடைசிச் சொட்டு ஈரத்தையும் விட்டுச் சற்றே ஒடுங்கும். பலகைக்குள் போனபின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பருத்துத் துளையைப் பிடித்துக்கொள்ளும். பசை விடலாம், இந்தப் பிடி விடாது.

ஆப்பு

ஒவ்வொரு கழுந்தின் உச்சியிலும் ரம்பத்தால் ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு. இந்த வெட்டு பலகையின் இழைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். காலைத் துளையில் வைத்து இழையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு வெளியே எடுத்து அறுங்கள். என் முதல் முக்காலியில் நான் இதைக் கவனிக்கவில்லை. வெட்டை இழையோடு இழையாக வைத்து ஆப்பை அடித்தேன். மூன்றாவது அடியில் பலகை சத்தமே இல்லாமல் வாய் பிளந்தது. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "விறகு பிளக்கத்தான தம்பி இப்பிடி ஆப்பு வப்பாக? நீங்களும் பிளந்துட்டீக" என்றார். ஆப்பசைத்த குரங்கின் கதையை அவர் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை.

ஆப்புக்கு நன்றாகக் காய்ந்த கருவை வைரமோ புளியோ எடுங்கள். ஒரு அங்குல அகலம், ஒன்றரை அங்குல நீளம், தலையில் இரண்டு நூல் கனம், முனை கத்தி போல.

துளைக்குள்ளும் கழுந்திலும் ஃபெவிகால் தடவி, பலகையைக் கவிழ்த்து மூன்று காலையும் அடித்து இறக்குங்கள். பிறகு நிமிர்த்தி, வெட்டில் ஆப்பைச் சொருகி அடிக்கத் தொடங்குங்கள். இங்கே காதைக் கொடுக்க வேண்டும். முதலில் டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வரும். ஆப்பு இறங்க இறங்க அது கெட்டியாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கல்லில் அடித்தது போல மாறும். அத்தோடு நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு அடி என்ற ஆசை வரும், அந்த அடியில்தான் ஆப்பு முறியும். மறுநாள் பசை காய்ந்ததும் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் அறுத்து, உளியால் பலகையோடு சமமாகச் சீவுங்கள்.

கால் மட்டம்

முக்காலி ஆடாது, ஆனால் சாய்ந்து நிற்கலாம். சமமான தரையில் வைத்து, நடுவில் ரசமட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளர். தாழ்ந்த காலுக்கடியில் அட்டைத் துண்டுகளைச் சொருகிப் பலகையை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது தரையிலிருந்து பலகையின் மேற்பரப்புவரை அளந்து, 17 அங்குலத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அவ்வளவு கனமுள்ள ஒரு கட்டையைத் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் பென்சிலைக் கிடத்தி, ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டோடு அறுங்கள். கோடு காலுக்குச் சாய்வாகத் தெரியும், சரியாகத்தான் இருக்கிறது. அறுத்த முனையின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் தரையில் இழுக்கும்போது சிம்பு பெயரும்.

எண்ணெய்

60 உப்புத்தாள், அப்புறம் 120. காலில் கோடாலித் தடம் கொஞ்சம் இருக்கட்டும்; எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கினால் கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதைப் பூசாதீர்கள். அது காய்ந்து படலமாகாது, பிசுபிசுவென்று நின்று நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றுப் பட்டுக் கெட்டியாகும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

ஒரு கோடை கழிந்ததும் உட்காரும் இடத்தில் மூன்று கழுந்தும் லேசாகத் தலை நீட்டியிருப்பது கைக்குத் தட்டுப்படும். கால் நழுவி மேலே வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பலகை கனத்தில் கொஞ்சம் சுருங்கியிருக்கும், கழுந்து நீளத்தில் சுருங்காது, அவ்வளவுதான். உளியால் சீவி, அந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை எண்ணெய் தொட்டுவிடுங்கள்.